பனிக்கட்டிச் சாலையும் மிதிவண்டி டயரும்

பின்லாந்து நாட்டின் ஊலு நகரம் ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே உள்ளது. உறைபனிக் காலத்திலும் அந்நகர மக்கள் பலர் வேலைக்கும் பள்ளிக்கும் மிதிவண்டியிலேயே செல்கின்றனர். குளிர்கால மிதிவண்டிப் பயணம் பற்றிய அனைத்துலக மாநாடு முதன்முதலாக 2013-ஆம் ஆண்டில் அங்குதான் கூடிற்று.

இத்தகைய ஊர்களில் டயரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? சாலையின் தன்மையே அதற்கு விடை கூறும். புதிதாகப் பெய்த பனிக்கு ஆழ்ந்த வரிப்பள்ளங்களுடைய டயர் போதும். பனிக்கட்டியிலோ வெறும் ரப்பர் பற்றாது. வெப்பநிலை 0 பாகை செல்சியசை ஒட்டி, கட்டியின்மேல் நீர் படரும்போது வழுக்கல் இன்னும் மிகும். ஆங்கு ஆணி பதித்த டயரே வேண்டும். சாதாரண எஃகு ஆணி தார்ச்சாலையில் விரைவில் தேயும். டங்ஸ்டன் கார்பைடு முனையுடைய ஆணி நெடுநாள் உழைக்கும். நடுவில் மட்டுமன்றி ஓரங்களிலும் ஆணி இருத்தல் நன்று. திருப்பத்தில் வண்டி சாயும்போது தரையைப் பற்றுவது ஓரமே.

ஒரு டயர் வாங்கவே பொருள் இருப்பின், அதனை முன்சக்கரத்தில் பூட்டுதல் வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் நிலைகொள்ளுதல் அரிது.

ஆணி டயர் வெற்றுச் சாலையில் ஒலியெழுப்பும், வேகத்தையும் குறைக்கும். ஆயினும், எலும்பு முறிந்து படுப்பதினும் அச்சிறு தொல்லை மேலன்றோ?