மதராஸின் ஒரு மாவட்டமாக இலங்கை

தாம்பரம் வட்டாரம் அன்று செங்கல்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சீமை. 1794 முதல் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வரிக்காக மிராசுதார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் ஜார்ஜ் கோட்டையிலிருந்த மதராஸ் அரசுக்கு இன்னொரு சீமையும் கிடைத்தது. 1796 பிப்ரவரியில் டச்சுக்காரர்கள் கொழும்பை ஒப்படைத்ததும், இலங்கையின் கரையோரம் முழுக்க மதராஸ் நிர்வாகத்தின் கீழ் வந்தது.

வரி வசூலுக்கு மதராஸ் அதிகாரி ராபர்ட் ஆண்ட்ரூஸ் போனார். இங்கிருந்து துபாஷிகளும் (மொழிபெயர்ப்பாளர்கள்) அமில்தார்களும் (வரி வசூல் அதிகாரிகள்) கூடவே போனார்கள். உள்ளூர்த் தலைமைக்காரர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். தென்னை மரங்களுக்கு வரி போட்டார்கள். 1797-ல் கலகம் வெடித்தது. அதைத் தொடர்ந்து 1798-ல் பிரெடரிக் நார்த் இலங்கைக்குக் கவர்னராக வந்தார். 1802-ல் இலங்கை கம்பெனியின் கையைவிட்டு நேரடியாக பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிக்குப் போய்விட்டது.

அந்தக் கலகம் நடக்காமல், இலங்கை மதராஸ் மாகாணத்திலேயே தங்கியிருந்தால்?

முதல் நஷ்டம் யாழ்ப்பாணத்து அடிமைகளுக்குத்தான் நேர்ந்திருக்கும். கோவியர், நளவர், பள்ளர் சாதியினரை அடிமைகளாக வைத்திருக்கும் உரிமையை டச்சுக்காரர்கள் 1707-ல் தொகுத்த தேசவழமைச் சட்டம் உடையவர்களுக்கு உறுதிப்படுத்தியிருந்தது. இலங்கையின் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பேசிப் பேசி அந்த உடைமையாளர்களில் பலரை ஒப்புக்கொள்ள வைத்தார்: 1816 ஆகஸ்ட் 12 முதல் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் சுதந்திரர்கள். அரைகுறை ஏற்பாடுதான். ஆனால் மதராஸில் அந்த அரைகுறையும் இல்லை. மிராசுதார்களின் நிலவரியை நம்பி வாழ்ந்த அரசு, அவர்களுடைய பண்ணையாட்களின் மீதான பிடியில் கைவைக்குமா? பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம்கூட கம்பெனியின் இந்தியாவையும் இலங்கையையும் பெயர் சொல்லியே விலக்கி வைத்தது. இந்தியாவில் அடிமைத்தனத்துக்கான சட்டப் பாதுகாப்பு 1843-ல்தான் நீங்கியது. அதற்கடுத்த ஆண்டு இலங்கையிலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

1843-க்குப் பிறகும் செங்கல்பட்டுச் சேரிகளில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1891-ல் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை அதைப் பச்சையாகச் சொல்கிறது. படியாள் குடியிருந்த குடிசையின் மனையும் மிராசுதாருடையதே. எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். அவர் வலியுறுத்தியதன் விளைவுதான் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கிய 1892-ன் பஞ்சமி நில உத்தரவு.

இந்தப் பிடியிலிருந்து தப்ப ஒரு வழி கடல் தாண்டுவது. 1840-களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பண்ணையாட்களும் ஏழைக் குடியானவர்களும் ஆள் சேர்க்க வந்த கங்காணிகள் பின்னால் கிளம்பினார்கள். 1914 முதல் தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயில் ரயில் அந்தப் போக்குவரத்தை இன்னும் எளிதாக்கியது. இலங்கை மதராஸோடு இருந்திருந்தால் இது தஞ்சாவூரிலிருந்து நீலகிரிக்குப் பிழைக்கப் போவது போலத்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியிருக்காது. 1964 அக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்திருக்க மாட்டார்கள்.

அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கற்பனைக்கு நிஜத்திலேயே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. பர்மாவைப் பிரிட்டிஷார் 1826, 1852, 1885 என மூன்று கட்டங்களாகப் பிடித்து இந்தியாவோடு இணைத்தார்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழனுக்கு அது வெளிநாடே அல்ல. 1937-ல் பர்மாவைத் தனியாகப் பிரித்தார்கள். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே தப்பி வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மிச்சமிருந்தவர்களின் கடைகளை பர்மாவின் நெ வின் ராணுவ அரசு 1964-ல் நாட்டுடைமையாக்கியது. கப்பல் கப்பலாக அவர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள்.

அதே 1964-ல்தான் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் மறுவாழ்வுக் கடன் கொடுக்க மத்திய அரசு 1969-ல் சென்னையில் ஒரே வங்கியை ஏற்படுத்தியது. இன்று நகைக்கடனுக்கு நாம் போய் நிற்கும் ரெப்கோ வங்கி அதுதான்.

(தொடரும்)