நகையை அடகு வைக்கும் முன்

தாலிக்கொடியும் வளையலும் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் பல குடும்பங்கள் காப்பீட்டு அட்டையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றன. பயாப்சி முடிவில் புற்றுநோய் என்று வந்ததும், பதற்றத்தில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறார்கள். அஞ்சு வட்டிக்கு வாங்கிய பணத்தில் அறுவை சிகிச்சை முடிகிறது. இரண்டாவது கீமோவுக்குப் போகும்போது பக்கத்துப் படுக்கைக்குத் துணையிருப்பவர் கேட்கிறார்: "ஏங்க, உங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இல்லையா?" உடனே ரசீதுகளை அள்ளிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள்.

கட்டிய பணம் திரும்பி வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செலவழித்த பிறகு பணம் தரும் திட்டமல்ல. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, சிகிச்சைக்கு முன்பே இணையவழி அனுமதி வாங்கி, கட்டணமில்லாமல் சிகிச்சை தருவதுதான் அதன் முறை. முன் அனுமதி இல்லாமல் கையிலிருந்து கட்டிய ரூபாய்க்குத் திட்டம் பொறுப்பேற்காது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். 2018 முதல் மத்திய அரசின் பிரதமர் திட்டத்தோடு இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தேவையான தாள்கள் மூன்றுதான்: கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார். இவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்துகளோடு பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக அலைக்கழிந்தவர்கள் ஏராளம்.

வருமானச் சான்றுக்குப் போனால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீமோ தேதி நாளை வரை காத்திருக்காது என்பது அவர்களுக்கும் தெரியாததல்ல. இழுத்தடித்தால் முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மருத்துவ அறிக்கையின் நகலோடு மனுக் கொடுங்கள். அட்டை இருந்தும் மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அட்டையும் அனுமதியும் முதலில், பணம் கட்டுவது அப்புறம்.

வருமான வரம்பைத் தாண்டியவர்களும் தனியாரிடம்தான் போயாக வேண்டும் என்றில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் ரயில் சலுகையை வீணாக்குகிறார்கள். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே வகுத்துள்ள படிவத்தில் மருத்துவமனை மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அடுத்த தேதி குறித்து வாங்கும்போதே இந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தனியார் காப்பீடு எடுத்தவர்களுக்கு வேறொரு தலைவலி. "நோயை மறைத்துவிட்டீர்கள்" என்று ஒரு வரிக் கடிதத்தில் நிறுவனம் கோரிக்கையைத் தள்ளினால், பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

இத்தனை தாள்களையும் சுமப்பது யார்? பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மகள். பகலில் வரிசை, இரவில் மருத்துவமனை வராண்டா. தூக்கமும் பசியும் போய், நோயாளி முன்னால் அழவும் முடியாமல் மாதக்கணக்கில் நகர்கிறது அவர் வாழ்க்கை. வீட்டில் யாருமே அவரை "நீ சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. வலியில் நோயாளி எரிந்து விழுவதும் அவர் மீதுதான். மனம் தாங்காத நிலை வந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரத்திலும். படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தரும் வசதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் இரவு நீங்கள் துணைக்கு இருந்து அந்தப் பெண்ணை வீட்டில் தூங்க விடுங்கள். மறுநாள் ஆட்சியர் அலுவலக வரிசையில் அவருக்காகத் தாள்களோடு நில்லுங்கள்.