நெஞ்சு நோவா? "வாய்வு" என்று காத்திருக்க வேண்டாம்!

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவோடு இரவாக வைத்தியசாலைக்கு ஓடுபவள் தாய். மாமியாருக்குச் சலரோகக் குளிசை எடுக்க மாதந்தோறும் கிளினிக் வரிசையில் நிற்பவளும் அவளே. ஆனால் அவளுக்கே நெஞ்சு நொந்தால் என்ன செய்கிறாள்? "வாய்வாக இருக்கும்" என்று இஞ்சி இடித்துக் குடிக்கிறாள். சோடா வாங்கிக் குடிக்கிறாள். "விடியட்டும், பார்ப்போம்" என்று படுத்து விடுகிறாள்.

போர் எமது மண்ணில் ஆயிரக்கணக்கான பெண்களைக் குடும்பத் தலைவிகளாக்கி விட்டுச் சென்றிருக்கிறது. உழைப்பவளும் அவளே, பிள்ளைகளுக்குக் காவலும் அவளே என்றாகிவிட்ட வீட்டில் அவளுடைய உயிர் அவளுக்கு மட்டும் உரியதல்ல. மாரடைப்பிலும் பாரிசவாதத்திலும் உயிரைக் காப்பது முதல் சில மணி நேரமே. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இதயம் எப்படி வேலை செய்கிறது?

இதயம் நெஞ்சறையில் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்று இடப்பக்கம் சாய்ந்தவாறு அமைந்துள்ளது. அது ஏறத்தாழ அவரவர் கைமுட்டியின் அளவானது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 தடவை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லீற்றர் வரையான குருதியை அது வெளியே தள்ளுகிறது.

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே உள்ள இரண்டும் சோணையறைகள். கீழே உள்ள இரண்டும் இதயவறைகள். உடலெங்கும் சுற்றி ஒட்சிசனை இழந்த குருதி வலது சோணையறைக்கு வந்து, வலது இதயவறையினால் நுரையீரலுக்கு அனுப்பப்படுகிறது. அங்கே ஒட்சிசனைப் பெற்றுக்கொண்டு இடது சோணையறைக்குத் திரும்புகிறது. பின்னர் இடது இதயவறை அதனைப் பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. இதனாலேயே இடது இதயவறையின் சுவர் மற்றவற்றை விடத் தடித்தது. அறைகளுக்கிடையே உள்ள வால்வுகள் ஒருவழிக் கதவுகளைப் போலக் குருதி பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கின்றன.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் தேவைப்படுவது போல, குருதியை இறைக்கும் இதயத்துக்கும் குருதி தேவை. அதனைக் கொண்டு வருபவை பெருநாடியின் அடியிலிருந்து பிரிந்து இதயத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும் முடியுரு நாடிகள். வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு நாடிகள் புறப்படுகின்றன. இடப்புற நாடி உடனே இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. இந்த மெல்லிய குழாய்களில்தான் ஆபத்து உருவாகிறது.

மாரடைப்பு என்றால் என்ன?

புகைத்தல், உயர் குருதி அமுக்கம், சலரோகம், கூடிய கொலஸ்திரோல் ஆகியவற்றால் முடியுரு நாடியின் உட்சுவரில் கொழுப்பு மெதுவாகப் படிகிறது. இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் குருதி உறைந்து குழாய் அடைபடுகிறது. அந்த நாடியை நம்பியிருந்த இதயத்தசை அரை மணி நேரமளவில் இறக்கத் தொடங்குகிறது. நேரம் செல்லச் செல்லச் சேதம் விரிவடைகிறது. இறந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை.

நெஞ்சின் நடுவே பாறாங்கல் வைத்தாற் போன்ற அழுத்தம், இடது கைக்கும் கழுத்துக்கும் பரவும் நோ, குளிர்ந்த வியர்வை என்பன நாம் கேள்விப்பட்ட அறிகுறிகள். பெண்களிலும் நெஞ்சு நோவே பொதுவான அறிகுறி. ஆனால் பெண்களில் வேறு அறிகுறிகள் அதனுடன் சேர்ந்தோ தனியாகவோ வருவது ஆண்களை விட அதிகம். அவையாவன:

* காரணமின்றி ஏற்படும் கடுமையான களைப்பு
* மூச்சு எடுக்கக் கஷ்டம்
* தாடை, கழுத்து, முதுகு அல்லது மேல்வயிற்றில் நோ
* ஓங்காளம், வாந்தி, தலைச்சுற்று

நீண்டகாலமாகச் சலரோகம் உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். வாய்வு என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் இந்த மேல்வயிற்று நோவையும் ஓங்காளத்தையுமே. இது வாய்வா, இதயமா என்று வீட்டிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. ஈ.சி.ஜி.யும் குருதிப் பரிசோதனையுமே சொல்லும். வாய்வு என்று தெரிந்தால் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பலாம். வைத்தியசாலைக்குப் போனதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

உடனே செய்ய வேண்டியவை

1. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட "சுவசெரிய" அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது இலவசம். தமிழிலும் பேசலாம். ஊர், வீதி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.
2. நோயாளியைச் சுவரில் அல்லது தலையணையில் சாய்த்து, முழங்கால்களை மடித்து அமர்த்துங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். நடக்க விடாதீர்கள்.
3. அஸ்பிரின் ஒவ்வாமை, குடற்புண் இரத்தப்போக்கு ஆகியவை இல்லாதவரானால், 300 மி.கி. அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். 1990 இல் பேசுபவரிடம் கேட்டுக் கொடுப்பது நல்லது. 1988 இல் வெளியான, 17,000க்கும் மேற்பட்ட நோயாளர்கள் பங்குகொண்ட உலகளாவிய ஆய்வொன்றில், அஸ்பிரின் மட்டுமே மரணங்களை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கால் குறைத்தது.
4. நாக்கின் கீழ் வைக்கும் குளிசை வைத்தியரால் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும், இருந்தபடியே அதனைப் பாவிக்கலாம். இன்னொருவருடைய குளிசையைக் கடன் வாங்கிப் போடாதீர்கள்.
5. அம்புலன்ஸ் வரத் தாமதமாகுமென்றால் ஓட்டோவிலேனும் கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திச் செல்வது ஆபத்தானது.

பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது பிழையானது. அதை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூச்சு நின்று விட்டால்

நோயாளி விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல் அல்லது விட்டுவிட்டு இழுத்துக்கொண்டு கிடந்தால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். குருதி செல்லாவிட்டால் 4, 5 நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும். அம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கைகளே அவருடைய இதயம்.

அவரைக் கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, அதன் மேல் மறு கையை வையுங்கள். முழங்கையை மடிக்காமல், உங்கள் உடற்பாரத்தைக் கொடுத்து 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முழுமையாக எழும்ப விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகம் வேண்டும். பழகாதவர்கள் வாயோடு வாய் ஊதத் தேவையில்லை, அழுத்தினாலே போதும். களைத்தால் இன்னொருவர் மாறிக்கொள்ளட்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முறிந்த எலும்பு பொருந்தும், போன உயிர் வராது.

பெண் நோயாளியின் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குவதுண்டு. இதனால்தான் பெண்களாகிய நாம் இதனைக் கட்டாயம் பழகியிருக்க வேண்டும். எங்கள் மாதர் சங்கங்கள் முதலுதவிப் பயிற்சியை ஒழுங்கு செய்தால் ஊருக்கே நன்மை.

பாரிசவாதம்

இதயத்தில் நடப்பது போன்றதே மூளையிலும் நடக்கிறது. பெரும்பாலான பாரிசவாதங்கள் மூளைக்குச் செல்லும் நாடி அடைபடுவதால் வருகின்றன. ஏனையவை நாடி வெடித்துக் குருதி கசிவதால் வருகின்றன. அடைத்த கட்டி சில வேளை இதயத்திலிருந்தே புறப்பட்டு வருகிறது. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வாதக்காய்ச்சல் வந்து வால்வு பழுதடைந்தவர்களில் இந்த ஆபத்து அதிகம். நெருக்கமாக வாழும் இடங்களில் இக்காய்ச்சல் எளிதாக ஏற்படும். முகாம்களில் வளர்ந்த எமது பெண்களுக்கு மேல்மூச்சு வாங்குதல், படபடப்பு இருந்தால் இதயத்தைப் பரிசோதிப்பது அவசியம்.

பாரிசவாதத்தை அறிய நான்கு சொற்களை நினைவில் வையுங்கள்:

* முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
* கை: இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒன்று தானாகத் தாழ்கிறதா?
* பேச்சு: ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு குழறுகிறதா?
* நேரம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990. நோயாளி கடைசியாக நல்ல நிலையில் இருந்த நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

இந்த நேரம் ஏன் முக்கியம்? அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி 4½ மணி நேரத்துக்குள்ளேயே ஏற்ற முடியும். அதற்கு முன் சீ.ரீ. ஸ்கான் எடுத்து, இது அடைப்பா, கசிவா என்று பார்த்தாக வேண்டும். எனவே எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது என்பதை அம்புலன்ஸ் ஊழியர்களிடம் விட்டு விடுங்கள். நேரம் தவறிவிட்டாலும் போகாமல் இருக்காதீர்கள். ஏனைய சிகிச்சைகளும் உயிரைக் காக்கும்.

பாரிசவாத நோயாளிக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். பிரஷர் குளிசையையும் கூட்டிக் கொடுக்காதீர்கள். தண்ணீர், தேநீர், கஞ்சி எதுவும் வேண்டாம். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுப்பது பயனற்றது. எண்ணெய் பூசுவதற்கும் உருவுவதற்கும் பின்னர் காலமிருக்கிறது. முதல் பயணம் வைத்தியசாலைக்கே. மயங்கியிருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள்.

சில நிமிடங்களில் எல்லாம் தானாகவே மாறிவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள். அது பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அடுத்த இரண்டு நாட்களே மிக ஆபத்தானவை.

ஒரு முக்கிய குறிப்பு: உடலில் ஷெல் துண்டுகள் உள்ளவர்கள் எங்கள் மத்தியில் பலர். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பலமான காந்தத்தால் இயங்குவது. உள்ளே இருக்கும் இரும்பு அசையவோ சூடாகவோ கூடும். அதற்கு அனுப்பினால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லி விடுங்கள். சீ.ரீ. ஸ்கானுக்கு இந்தத் தடை இல்லை.

துக்கமும் இதயமும்

இழப்புகளைச் சுமந்து வாழும் பெண்களுக்குப் படபடப்பும் நெஞ்சடைப்பும் புதியவையல்ல. திகில் நினைவுகளாலும் அவை வரும். அதனால் "உனக்கு எப்போதும் இப்படித்தான்" என்று மற்றவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்லிக் கொள்கிறோம். ஆனால் நீடித்த மன அழுத்தம் இதயநோய்க்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. கடுந்துயரின் போது இதயத்தசை திடீரெனப் பலவீனமடைந்து வீங்கும் நோயொன்றை ஜப்பானிய வைத்தியர்கள் 1990 இல் விபரித்தனர். அந்நிலையில் இதயம் ஒக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்தை ஒத்திருந்ததால் அப்பானையின் பெயரையே நோய்க்கும் வைத்தனர். மாதவிடாய் நின்ற பெண்களிலேயே இது அதிகம். சிகிச்சை பெற்றால் பெரும்பாலானோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். எனவே முதலில் ஈ.சி.ஜி., பிறகே "மனப்பிரச்சினை" என்ற முடிவு. மனதுக்கும் சிகிச்சை தேவைப்பட்டால் அதையும் தயங்காமல் பெறுவோம்.

இன்றே செய்யக் கூடியவை

பல தாய்மார் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குவதன் உண்மையான காரணம் "பிள்ளைகளை யாரிடம் விடுவது?" என்பதே. நோய் வந்த பின் இதற்கு விடை தேட முடியாது. அயலில் ஒரு பெண்ணோடு இன்றே பேசி வையுங்கள்: "எனக்கு ஒன்றென்றால் நீ பிள்ளைகளைப் பார், உனக்கு ஒன்றென்றால் நான் பார்க்கிறேன்." சுவரில் 1990 என்ற இலக்கத்தையும் ஓட்டோக்காரரின் இலக்கத்தையும் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு அழைக்கப் பழக்குங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரே பையில் வையுங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் குருதி அமுக்கத்தையும் சீனியின் அளவையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். "பிரஷர் சரியாகிவிட்டது" என்று குளிசையை நிறுத்தி விடாதீர்கள். குளிசை போடுவதாலேயே அது சரியாக இருக்கிறது. நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாடு, அப்பளம், ஊறுகாயில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

மற்றவர்களுக்காக ஓடிய எமது கால்கள் ஒருமுறை எமக்காகவும் ஓடட்டும். நெஞ்சில் நோ, முகத்தில் கோணல், நாக்கில் குழறல் எதுவாயினும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே!