முதல் குழந்தை தப்பிவிடும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 5 பேருடைய இரத்தம் ஆர்.எச். நெகடிவ். தாய் நெகடிவ், வயிற்றுக் குழந்தை, தந்தையைப் போல, பாசிடிவ் என்று வையுங்கள். பிரசவத்தில் குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலக்கிறது. தாயுடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுகிறது! அடுத்த பாசிடிவ் குழந்தையின் சிவப்பணுக்களைத்தான் அது அழிக்கும். சோகை, காமாலை, சிலவேளை மரணம். "மூத்தது நன்றாகத்தானே பிறந்தது?" என்று வீட்டார் திகைப்பார்கள்.

1968-இல் இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி வந்தது. 28-ஆம் வாரத்தில் ஒன்று, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று. தாயுடல் விழித்துக்கொள்ளுமுன் அந்நிய அணுக்களை அது அகற்றிவிடும். மூன்று மாதத்துக்குமேல் கரு கலைந்தாலும் ஊசி தேவை. யாரிடமும் சொல்லாமல் மறுநாளே காய் பறிக்க மலையேறினால், அந்த 72 மணி நேரம் தோட்டத்திலேயே கழிந்துவிடும்.