தூண்டிற்குண்டு: காரீயமா, டங்ஸ்டனா?

தூண்டில் நரம்பில் கோக்கப்படும் சிறு குண்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரை தொலைவிற் சென்று விழ அது துணை செய்கிறது. விழுந்த இரையை நீரின் ஆழத்திற்கும் இறக்குகிறது. நெடுங்காலமாக இக்குண்டு ஈயத்தாலேயே செய்யப்பட்டு வந்தது. இப்போது டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலான குண்டுகளும் கடைகளில் உள்ளன. விலையோ ஈயக் குண்டைப் போலப் பல மடங்கு. இவ்வளவு கூடுதலாகக் கொடுத்து வாங்குவதனால் பயன் உண்டா என்பதே கேள்வி.

சிங்கப்பூரில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. பிடோக், கீழ்பியர்ஸ், மெக்ரிச்சி முதலிய நீர்த்தேக்கங்களில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும், செயற்கை இரையைக் கொண்டு தூண்டிலிடப் பொதுப் பயனீட்டுக் கழகம் இசைவளித்துள்ளது. அங்கே பலர் நாடுவது தென்னமெரிக்காவிலிருந்து வந்து இந்நீர்நிலைகளிற் பெருகிவிட்ட பீக்காக் பாஸ் மீனையாகும். வாலடியில் மயிற்கண் போன்ற புள்ளி இருப்பதனால் அதற்கு இப்பெயர். அது வாழும் நீர் நாம் பருகும் நீருமாகும் என்பதை மறத்தலாகாது.

முதலிற் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். ரசச் சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும் வெள்ளீயம். தூண்டிலிற் கட்டுவது காரீயம். மலாய் மொழியிலும் இதே வழக்கு உண்டு. ‘தீமா’ என்றால் வெள்ளீயம். ‘தீமா ஈத்தாம்’, அதாவது கறுப்புத் தீமா, என்றால் காரீயம். நிறத்தை அடைமொழியாக்கி இரண்டையும் பிரித்த அறிவு இரு மொழிக்கும் பொதுவாயிருப்பது வியப்பே. இவற்றுள் காரீயம் நஞ்சு, வெள்ளீயம் அத்தகையதன்று. இக்கட்டுரையின் முடிவிற்கு இவ்வேறுபாடு தேவைப்படும்.

இனி எடையைப் பார்ப்போம். ‘ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா?’ என்று தோட்டப் பள்ளியிற் கேட்டால் பாதி வகுப்பு இரும்பு என்றே சொல்லும். எடை ஒன்றே, அடைக்கும் இடந்தான் வேறு. அதுவே அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் காரீயத்தின் எடை 11.34 கிராம், டங்ஸ்டனின் எடை 19.25 கிராம். தங்கத்தின் அடர்த்தி 19.3 ஆகும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் விற்கும் தங்கத்திற்கு எடையில் இவ்வளவு நெருங்கிய உறவினன் டங்ஸ்டன். பொன்கட்டியினுள் டங்ஸ்டனைப் புதைத்து ஏமாற்றுவோர் உலகில் உண்டு என்பதற்குக் காரணமும் இதுவே. நீரிலிட்டு நிறுக்கும் பழைய சோதனையில் அம்மோசடி எளிதிற் பிடிபடாது.

டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆகவே அதைத் தூளாக்கி, நிக்கல் முதலிய உலோகம் சிறிது சேர்த்து, அச்சில் அழுத்திச் சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். அதனால் கடைக்குண்டின் அடர்த்தி 17 அல்லது 18 அளவில் நிற்கும். 17.5 என்றே கொள்வோம். பத்துக் கிராம் காரீயக் குண்டு 0.88 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். அதே எடையுள்ள டங்ஸ்டன் குண்டு 0.57 மட்டுமே அடைக்கும். பருமன் மூன்றிலொரு பங்கிற்கு மேல் குறைகிறது. ஆனால் உருண்டையின் விட்டம் ஏறத்தாழ எட்டிலொரு பங்குதான் குறையும். நீரின் தடை குறைவதால், கணக்குப்படி டங்ஸ்டன் குண்டு ஏறக்குறைய ஆறிலொரு பங்கு விரைவாக இறங்கும்.

இது பயனே, ஆனால் மாயம் அன்று. பாசியும் கட்டைகளும் செறிந்த இடத்தில் சிறிய குண்டு எளிதில் நுழையும். டங்ஸ்டன் கடினமானது; அடியிலுள்ள கல்லில் தட்டினால் அந்த அதிர்வு நரம்பின் வழியே கைக்கு எட்டும். மென்மையான காரீயம் அதை விழுங்கிவிடும். மறுபுறம், காரீயத்தை நரம்பில் நசுக்கிப் பொருத்தலாம்; டங்ஸ்டனை நசுக்க முடியாது. அதன் துளையின் விளிம்பு நரம்பை அறுக்கவுங் கூடும். திறந்த நீரில், மேலாக இழுக்கும் இரைக்கு டங்ஸ்டனால் கிடைக்கும் ஆதாயம் சொற்பமே.

இம்மட்டோடு நின்றால் பணமுள்ளவர் டங்ஸ்டன் வாங்கட்டும், மற்றவர் காரீயம் வாங்கட்டும் என்று முடித்துவிடலாம். ஆனால் தூண்டிற்குண்டு அறுந்து தொலையும் பொருள். பறவைகள் பல, இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல்லென்று காரீயத்தை விழுங்கிய பறவை நஞ்சேறி மடியும். பிரிட்டனில் அன்னப்பறவைகள் இவ்வாறு மடிந்ததனால் 28.35 கிராம் வரையுள்ள காரீயக் குண்டுகளுள் பெரும்பாலானவற்றின் விற்பனை 1987-இல் தடை செய்யப்பட்டது. கனடா 1997-இல் தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த காரீயக் குண்டுகளை விலக்கியது.

அறுந்த ஒரு குண்டால் நீர்த்தேக்கம் நஞ்சாகிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. காரீயம் நீரில் மிக மெதுவாகவே கரையும். ஆயினும் அது மட்கி மறைவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். லிட்டில் இந்தியாவின் ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர், 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு தேக்கிவைக்கும் மரினா நீர்த்தேக்கத்திற்கே செல்கிறது. இந்நகரில் ‘எங்கோ ஓடும் நீர்’ என்பது அரிது.

இதனினும் பெரிய கேடு வீட்டுக்குள் நிகழக்கூடும். காரீயம் 327 பாகையிலேயே உருகும். அடுப்படியிற் குண்டு வார்க்கலாம் என்னும் ஆசை அதனாற்றான் வருகிறது. அப்போது எழும் ஆவியும் படியும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காரீயம் உடலிற் சேர்வதற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துவதும் தவிர்க்க வேண்டிய பழக்கமே.

ஆகவே தேர்வு இவ்வாறு அமையலாம். கட்டையும் பாசியும் உள்ள ஆழத்தில், அடியைத் தடவி மீன் தேடுவோர்க்கு டங்ஸ்டன் தகும். பணம் போதவில்லையெனில் காரீயத்திற்குத் திரும்ப வேண்டியதில்லை. எஃகுக் குண்டு போதும். நசுக்கிப் பொருத்த வேண்டிய சிறு குண்டிற்கு வெள்ளீயம் உண்டு. இவ்விரண்டின் அடர்த்தியும் 7, 8 அளவினதே. குண்டு சற்றுப் பெரிதாயிருக்கும், அவ்வளவுதான். வீட்டிலுள்ள பழைய காரீயத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்திருந்து, பழைய உலோகம் வாங்கும் ‘காராங் குனி’க்காரரிடம் கொடுத்துவிடலாம். அதைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே சோற்றில் வைக்க வேண்டும்.

மீன் சிக்குவதும் சிக்காததும் அன்றன்றைய பேறு. அறுந்து போன குண்டோ நாம் போன பின்னும் நீரடியில் கிடக்கும். வாங்கும்போதே அதை எண்ணிப் பார்த்தல் நன்று.