கரண்ட் வராத எஞ்சினும் கைநழுவிய வாடிக்கையாளரும்

ஓட்டமாவடியில் படகு எஞ்சின்களுக்கான உதிரிப்பாகக் கடையொன்றைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் தொங்குகிறது: 'விற்கப்பட்ட மின் உதிரிப்பாகங்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா.' இத்தொழிலில் உள்ள அநேகமானோரின் கடைகளில் இதைக் காணலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த அறிவித்தலின் பின்னால் நின்று கொண்டதால் நல்லதொரு வாடிக்கையாளரை நான் இழந்தேன். அந்தக் கதையையும் அதன் மூலம் கற்றுக்கொண்ட தொழில் விடயத்தையும் வியாபார நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

எமது கரையோரத்தில் ஓடும் எஞ்சின்களில் கணிசமானவை பழையவை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாகக் கிடைத்தவையும் அவற்றுள் அடங்கும். 2022ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டின்போது உதிரிப்பாகங்களின் விலை பெரிதும் ஏறியது. அவ்வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. புதிய எஞ்சின் என்பது சிறிய படகுக்காரருக்கு எட்டாத ஒன்றாகிவிட்ட அக்காலத்தில்தான் அந்தக் காக்கா என் கடைக்கு வந்தார்.

"தம்பி, கரண்ட் வருதில்ல. சி.டி.ஐ. போயிட்டெண்டு சொல்றாங்க. ஒண்டு தாங்க" என்றார். அவருடையது 15 குதிரை வலுவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின். யார் சொன்னது, எப்படிப் பார்த்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து கொயில் வாங்கினார். அதற்கும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒன்பதாவது நாள் ஒரு வயதான மெக்கானிக் ஸ்டொப் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார். இரண்டு பிளக்கிலும் கரண்ட் வந்தது. உப்புக் காற்றில் சுவிட்ச் உள்ளே துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. பழுது அவ்வளவுதான்.

காக்கா சி.டி.ஐ.யையும் கொயிலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் சுவரைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். கடலுக்குப் போகாத ஒன்பது நாட்களின் நட்டத்தோடு, தேவையற்ற இரண்டு சாமான்களின் விலையையும் அவரே சுமந்தார். அதன் பின் அவர் வரவில்லை. அவரோடு கடலுக்குப் போகும் வேறு சில படகுக்காரர்களும் வரவில்லை.

பின்பு நானே அந்த மெக்கானிக்கிடம் போய்ப் பல நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் முறை எளிமையானது. விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதை நோக்கிச் செல்வார். அதை வரிசையாகத் தருகிறேன்.

செலவில்லாத சோதனைகள்

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் புதிய பிளக் பூட்ட வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். அதைச் செய்யாதபோது மறுநாள் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயே போய் பிளக் நனைந்துவிடுகிறது. பிளக் விற்பவர்களும் இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் இறுதியில் '10' என்றிருந்தால் அதன் இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்று பொருள். அந்த இலக்கம் இல்லாத பிளக்கும் இதுவும் ஒன்றல்ல.

அடுத்து, பிளக்கைக் கெப்பில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பெற்றோல் கலன் அருகில் இருக்கக்கூடாது. 'டிக்' என்ற சத்தத்துடன் நீல நிறத்தில் பாய்ந்தால் நல்ல கரண்ட். மெல்லிய மஞ்சளாக இருந்தால் பலவீனம். சி.டி.ஐ. எஞ்சினில் கெப்பை எதிலும் தொடாமல் தொங்கவிட்டு இழுக்கக்கூடாது. சி.டி.ஐ., கொயில் ஆகியவற்றுக்குச் சேதம் ஏற்படலாம்.

கரண்ட் இல்லையா? பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு ஸ்டொப் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் இழுங்கள். இவ்வகை எஞ்சின்களில் ஸ்டொப் சுவிட்ச் கரண்டை எர்த்துக்குத் திருப்பியே எஞ்சினை நிறுத்துகிறது. உள்ளே ஒட்டிக்கொண்டால் எஞ்சின் எப்போதும் 'நிறுத்தப்பட்ட' நிலையிலேயே இருக்கும். வயரைக் கழற்றியதும் கரண்ட் வந்தால் பழுது சுவிட்சில்தான். இது சோதனைக்கு மாத்திரம். அப்படியே கடலுக்குப் போகக்கூடாது. சோதனையின்போது எஞ்சின் ஓடினால் சோக்கை இழுத்தோ எண்ணெயை மறித்தோ நிறுத்தலாம்.

அதன் பிறகு எர்த் வயர்கள். செம்பில் பச்சை படிந்திருந்தால் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்க வேண்டும்.

ஒன்றா, இரண்டுமா?

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் கேட்க வேண்டிய முக்கிய கேள்வி இதுவே. ஒரு பக்கம் மட்டும் கரண்ட் இல்லாவிட்டால், பிளக்கையும் கெப்பையும் பக்கம் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். தனித்தனிக் கொயில்கள் இருந்தால் அவற்றையும் மாற்றலாம். எந்தச் சாமானோடு பழுது இடம்மாறுகிறதோ அதுவே பழுதான சாமான். ஒரு சதமும் செலவில்லை. இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றிலேயே பழுது இருக்கும். முதலில் ஸ்டொப் சுவிட்ச், அதன் பின் மெக்னட்டுக்குக் கீழே உள்ள சார்ஜ் கொயில், கடைசியாகவே சி.டி.ஐ. சில எஞ்சின்களில் ஒரே கொயிலிலிருந்து இரு பிளக்குகளுக்கும் கரண்ட் போகும். அவற்றில் கொயிலும் பொதுவானதே. கொயில்களை ஓம் மீற்றரால் அளந்து, அந்த எஞ்சினின் கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிடலாம்.

பொயின்ட் எஞ்சின்கள்

1970களிலும் 1980களிலும் கம்பனிகள் படிப்படியாகச் சி.டி.ஐ.க்கு மாறின. அதற்கு முந்திய எஞ்சின்களில் மெக்னட்டுக்குக் கீழே பொயின்ட்டும் கொண்டென்சரும் இருக்கும். நீண்ட காலம் கிடந்த எஞ்சினில் பொயின்ட்டின் முகத்தில் மெல்லிய படலம் படிந்து கரண்டை மறிக்கும். மெல்லிய அரத்தால் துடைத்து, இறுதியில் சுத்தமான வெள்ளைக் கடதாசித் துண்டை இடையில் வைத்து இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் படக்கூடாது. இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஜோன்சன், எவின்ரூட் பழைய எஞ்சின்கள் பலவற்றில் அது 0.020 அங்குலம். சுத்தம் செய்த பொயின்ட் விரைவில் மீண்டும் கருகினால் கொண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மெக்னட்டைக் கழற்றுவதற்குப் புல்லர் பாவிக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தம் உடையும். கரண்ட் நன்றாக வந்தும் எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், மெக்னட்டின் கீ நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீ நகர்ந்தால் கரண்ட் வரும் நேரமே தவறிவிடும்.

திருத்திய எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பெரலில் வைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரின்றி ஓட்டினால் தண்ணீர்ப் பம்பின் றப்பர் கருகி, ஒரு பழுதைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வோம். பழைய எஞ்சின் வாங்கி விற்பவர்களும் விலை பேசும் முன் இச்சோதனைகளைச் செய்ய வேண்டும். 'கரண்ட் இல்லை' என்று இரும்பு விலைக்கு வரும் எஞ்சினில் சிலவேளை ஒரு சுவிட்ச் மாத்திரமே பழுதாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் விற்பவருக்கும் சொல்லிவிட்டு விலை பேசுவதே நேர்மை.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது என் மேசையில் கரண்ட் பார்க்கும் கருவியும் ஓம் மீற்றரும் உள்ளன. சி.டி.ஐ. கேட்டு வருபவரிடம், 'ஸ்டொப் வயரைக் கழற்றிப் பார்த்தீர்களா? கரண்ட் இல்லாதது ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?' என்று கேட்ட பின்பே பெட்டியைத் திறக்கிறேன். சி.டி.ஐ. விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் பிளக், கெப், வயர், சுவிட்ச் எல்லாம் முன்னரை விட அதிகம் போகின்றன. விலை உயர்ந்த சாமான்களில் பணத்தை முடக்கி வைக்க வேண்டியதும் இல்லை. சுவரில் அறிவித்தல் இன்னும் தொங்குகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டு விற்ற பின்பே அதைக் காட்டும் உரிமை எனக்கு உண்டு என்பதை இப்போது விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காக்காவின் வீட்டுக்குப் போய் இரண்டு சாமான்களையும் வாங்கிய விலைக்கே திருப்பி எடுத்தேன். தேநீர் தந்தார். பணத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டார். இன்றுவரை அவர் என் கடைக்கு வரவில்லை. அவருடைய மகன் வருகிறார்.