பிடி அரிசிப் பானை: ஊர்க் கடன் சங்கம் எப்படி இயங்குகிறது?

2009 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து திரும்பிய வன்னியின் புதுக்குடியிருப்புச் சனம் வீடு, கிணறு, வள்ளம், மாடு எல்லாவற்றையும் முதலில் இருந்து தேடவேண்டியிருந்தது. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தது. அது காணாமல் பல குடும்பங்கள் கடன்பட்டன. அந்தக் கடனை வாசலுக்கே கொண்டுவந்த நுண்கடன் நிறுவனங்கள் கிழமைக்குக் கிழமை அறவிட்டன. கட்ட முடியாமல் பெண்கள் நொந்துபோனார்கள். 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் தவணை தவறிய நுண்கடனில் ஒரு இலட்சம் ரூபா வரை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. அடுத்த அவசரத்துக்குக் காசு எங்கே? ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது: சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். இலங்கையில் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது.

உலை வைக்கமுதல் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்களே, அதை ஒரு தெருவே சேர்ந்து ஒரே பானையில் போட்டால் அதுதான் சங்கம். முதலில் பங்குப்பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். பிறகு மாதாமாதம் சேமிப்பு, அதாவது அந்தப் பிடி அரிசி. பானை கொஞ்சம் நிறைந்ததும் கடன் தொடங்கும்.

கடன் கேட்பவர் விண்ணப்பம் கொடுத்து, உறுப்பினர்களில் இருவரைப் பிணையாளிகளாகக் காட்டுவார். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். யாருடைய மாடு கறக்கிறது, யாருடைய வயல் அடுத்த மாதம் அறுவடைக்கு வரும் என்று அந்தக் குழுவுக்குத் தெரியும். ஆகவே தவணையை அறுவடையோடு பொருத்திவிடலாம். இந்த ஊரறிவு வெளியிலிருந்து வரும் அறவிடுபவரிடம் இராது.

இனி வட்டி. உதாரணத்துக்கு, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டியில் 12,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டுவதாக வைப்போம். மீதி முதலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 120 ரூபா, கடைசி மாதம் 10 ரூபா, மொத்தம் 780. கட்டக் கட்டக் குறையாமல், எடுத்த முழுத்தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் அதே கடனுக்கு 1,440. எங்கே கடன் எடுத்தாலும் வட்டி எந்தத் தொகைக்கு என்று கேளுங்கள்.

அந்த வட்டி திரும்பவும் பானைக்கே வரும். ஒரு பகுதி ஒதுக்கு நிதிக்குப் போகும். பொதுக்கூட்டத்தில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான்.

மழை பொய்த்தால் எல்லா வீடும் ஒரே மாதத்தில் பானையைத் தேடி வரும், போடுபவர் இருக்கமாட்டார். அதற்காகத்தான் பல சங்கங்கள் சேர்ந்து சமாசம் அமைக்கின்றன. ஒரு ஊரின் தட்டுப்பாட்டை மற்ற ஊர்களின் சேமிப்பு தாங்கும். ஆனால் வன்னி முழுவதும் ஒரே வறட்சியில் காய்ந்தால் சமாசமும் திணறும். ஆகவே நிவாரணப் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சங்கங்களுக்கு முதலாகக் கொடுக்கவேண்டும் என்பேன். தள்ளுபடி ஒரு கடனை அழிக்கும். முதலாகப் போட்ட பணம் ஒருவர் கட்டி முடித்ததும் அடுத்தவருக்குக் கடனாகப் போகும்.